சூரியனுக்கு மீசை!

சூரிய பகவானுக்கு மீசை உண்டு என்றால் நம்புவீர்களா? விஞ்ஞானிகளே வைத்த பெயர் அது!

சூரிய ஒளியைக் கருவியில் செலுத்திப் பிரித்தால் வானவில் வர்ணங்கள் வரிசையாக விரியும். நடுநடுவே கறுப்புக் கோடுகளும் தெரியும். சிவப்புப் பகுதியிலுள்ள ஒரு தடித்த கோடு ஹைட்ரஜன் வாயுவின் முத்திரை. சூரியனின் மேலடுக்கிலுள்ள ஹைட்ரஜன் அந்த ஒரு சிவப்பை மட்டும் விழுங்கிவிடுகிறது. அதனால் அங்கே இருட்டு.

அமெரிக்காவில் மவுண்ட் வில்ஸன் வான ஆராய்ச்சி நிலையத்திலிருந்த பெர்டினாண்ட் எல்லர்மன் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். கரும்புள்ளிகளுக்கு அருகே, அந்தக் கறுப்புக் கோட்டின் இரு பக்கங்களிலும் திடீரென்று ஒளிக் கீற்று பளிச்சிட்டது. சில நிமிஷங்களில் மறைந்தது. 1917-ல் அவற்றுக்குச் 'சூரிய ஹைட்ரஜன் குண்டுகள்' என்று பெயர் சூட்டினார். பூமியில் மனிதன் ஹைட்ரஜன் குண்டை வெடித்ததோ 1952-ல்தான்!

1956-ல் சோவியத் விஞ்ஞானி ஸெவெர்னி இதே கீற்றுகளை 'மீசை' என்று அழைத்தார். கறுப்புக் கோடு மூக்கு. இரு பக்கமும் நீண்ட வெளிச்சம் மீசை. பொருத்தமான பெயர்தானே?

ஆனால் நடுவில் மட்டும் ஏன் வெளிச்சம் இல்லை? ரகசியமே அங்கேதான் இருக்கிறது. வெடிப்பு நடப்பது சூரிய வாயு மண்டலத்தின் அடித்தளத்தில். அதற்கு மேலே ஹைட்ரஜன் ஒரு திரை போலப் பரவியிருக்கிறது. கோட்டின் நடுவிலுள்ள சிவப்பைத் திரை தடுத்துவிடுகிறது. பக்கத்துச் சாயல்களைத் தடுக்க அதற்குச் சக்தி இல்லை. அவை தப்பி வந்து நமக்கு மீசையாகத் தெரிகின்றன. நடுவில் விழுந்த இருட்டே, "வெடிப்பு திரைக்குக் கீழே!" என்று காட்டிக் கொடுத்துவிடுகிறது.

குண்டு என்றதும் அணுகுண்டை நினைக்க வேண்டாம். இது காந்தத்தின் வேலை. எதிரெதிர்த் திசையிலுள்ள காந்தப் புலங்கள் நெருக்கப்பட்டு, அறுந்து, புது விதமாக இணையும்போது அடைபட்டிருந்த சக்தி வெப்பமாகப் பாய்கிறது. சில நூறு கிலோமீட்டர் அகலம்தான். 14 லட்சம் கிலோமீட்டர் விட்டமுள்ள சூரியனில் அது கடுகு!

2013-ல் அமெரிக்கா அனுப்பிய 'ஐரிஸ்' விண்கலம், அதே குளிர்ந்த அடித்தளத்தில் பல பதினாயிரம் டிகிரி வெப்பத்தைக் காட்டும் சிலிக்கான் கோடுகளைப் பதிவு செய்தது. இவையும் எல்லர்மன் குண்டுகளும் ஒன்றுதானா என்று விஞ்ஞானிகளிடையே பெரிய வாதமே மூண்டது.

சூரியனுக்கு அருகே போய்ப் பார்க்க முடியாவிட்டால் என்ன? அதன் மீசையே உள்விவகாரத்தைச் சொல்லிவிடுகிறதே!