பிள்ளை தலையில் சத்தியம். சாயங்காலம் கடை வாசலில் அப்பா!

விழுப்புரம்,

"புள்ள தலையில அடிச்சு சொல்றேன், இனிமே தொட மாட்டேன்!"

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் இந்தச் சத்தியத்தைக் கேட்காத தெரு உண்டா? காலையில் சத்தியம். பகல் 12 மணிக்கு டாஸ்மாக் கடை திறக்கும். சாயங்காலம் அப்பா கடை வாசலில்!

சொன்ன சொல் தவறினால் தன் தலைக்கு ஆபத்து என்று பயந்துகொண்டே பிள்ளை தூங்கப் போகிறது. குடித்தது அப்பா, தண்டனை பிள்ளைக்கு!

சத்தியம் செய்தவர் பொய்யரா? இல்லை. சொல்லும்போது மனதாரத்தான் சொல்கிறார். ஆனால் பல வருஷம் குடித்துப் பழகிய உடம்பு சும்மா இருக்காது. அது ஒழுக்கக்கேடு மட்டும் அல்ல, வியாதி என்கிறார்கள் டாக்டர்கள்.

சட்டம் வந்தது, போனது

திண்டிவனம் பக்கத்து ஓமந்தூர்க்காரர் ஓ.பி.ராமசாமி ரெட்டியார். அவர் முதல்வராக இருந்தபோதுதான், 1948 அக்டோபர் 2-ந் தேதி சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு அமலுக்கு வந்தது. 1971-ல் அது தளர்ந்தது. பிறகு மூடுவதும் திறப்பதுமாகக் காலம் ஓடியது. 2003-ல் அரசின் டாஸ்மாக்கே சில்லறைக் கடை நடத்த வந்தது.

கள்ளச்சாராயமும் ஒழியவில்லை. 2023 மே மாதம் மரக்காணம் எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த விஷச்சாராயம் குடித்தவர்கள் சுருண்டு விழுந்தனர். மரக்காணம் பகுதியிலும் செங்கல்பட்டு மாவட்டத்திலுமாக 20-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பலர் முண்டியம்பாக்கம் அரசு ஆஸ்பத்திரியில் உயிருக்குப் போராடினர்.

அடுத்த ஆண்டே, 2024 ஜூனில், கள்ளக்குறிச்சி கருணாபுரம் பகுதியில் 65-க்கும் மேற்பட்டோர் பலி! தாய், தந்தை இருவரையும் பறிகொடுத்த பிள்ளைகளுக்கு மாதம் 5,000 ரூபாயும் படிப்புச் செலவும் தருவதாக அரசு அறிவித்தது. பணம் வரும். அப்பா வருவாரா?

சட்டென்று நிறுத்தலாமா?

தினமும் நிறையக் குடிப்பவர் ஒரே நாளில் தானாக நிறுத்துவது ஆபத்து! இது பலருக்குத் தெரியாது. சில மணி நேரத்தில் கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டு, மூன்று நாளில் இல்லாத உருவம் கண்ணுக்குத் தெரியும், புத்தி தடுமாறும். கவனிக்காவிட்டால் உயிரே போகலாம்.

"பேய் பிடிச்சிருக்கு" என்று மந்திரிக்க ஓட வேண்டாம். ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். அங்கே நடுக்கத்துக்கு மருந்தும், பி-1 வைட்டமினும் கொடுத்து அந்த வாரத்தைக் கடத்தி விடுவார்கள்.

சாம்பாரில் மாத்திரை

இன்னொரு விபரீதம்! குடியை மறக்கடிக்கும் மாத்திரை என்று யாரோ சொன்னதைக் கேட்டு, புருஷனுக்குத் தெரியாமல் சாம்பாரில் கலக்கும் பெண்களும் உண்டு. டைசல்பிராம் போன்ற மருந்து உள்ளே இருக்கும்போது ஒருவர் குடித்தால் முகம் சிவந்து, மூச்சு முட்டி, ரத்த அழுத்தம் சரியும். உயிருக்கே உலை வைக்கும். டாக்டர் சொல்லி, அவரும் சம்மதித்துத்தான் தர வேண்டும்.

பிள்ளை எப்போது நம்பும்?

ஆஸ்பத்திரியில் இருந்து வந்ததும் பிள்ளை ஓடி வந்து கட்டிக்கொள்ளும் என்று அப்பா எதிர்பார்ப்பார். அது நடக்காது. பிள்ளை தூர நின்று பார்க்கும். வாயை மோந்து பார்க்கும். கோபிக்கக் கூடாது, ஐயா! எத்தனை தடவை ஏமாந்த பிள்ளை அது?

1935-ல் அமெரிக்காவில் இரண்டு குடிகாரர்கள் தொடங்கிய ஏ.ஏ. சங்கத்தின் வழி எளிது. 'ஜென்மத்துக்கும் தொட மாட்டேன்' என்ற பேச்சு வேண்டாம். இன்று ஒரு நாள் குடிக்காமல் இருந்தால் போதும். நாளைக்கு நாளை பார்க்கலாம். நடுவில் ஒரு நாள் சறுக்கினாலும் எல்லாம் போச்சு என்று படுத்துவிடாமல் திரும்பச் சிகிச்சைக்குப் போக வேண்டும்.

மனம் விட்டுப் பேச 14416, போதை மீட்பு ஆலோசனைக்கு 14446. இரண்டும் இலவச எண்கள். வீட்டுக்காரம்மாவும் பேசலாம்.

சம்பள நாளில் கவர் பிரியாமல் வீடு வரட்டும். சொன்ன நேரத்துக்குப் பள்ளிக்கூட வாசலில் அப்பா நிற்கட்டும். பிள்ளை தலையில் கை வைக்கலாம், தடவிக் கொடுக்க! சத்தியம் மட்டும் வேண்டாம்.