எடை குறைய ஏன் இன்னொருவர் வேண்டும்?

மளிகைக் கடைக்காரரின் எடைக்கற்களைக் கவனித்திருக்கிறீர்களா? அவற்றில் அரசு முத்திரை இருக்கும். தம் கல் சரியானது என்று கடைக்காரர் சொன்னால் மட்டும் போதாது. முத்திரை ஆய்வாளர் தம்மிடமுள்ள திட்ட எடையோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே முத்திரை இடுவார். கடைக்காரரின் நாணயத்தில் ஐயம் கொண்டு செய்வதன்று இது. எந்தக் கருவியும் தன் பிழையைத் தானே கண்டுகொள்ள முடியாது. தேய்ந்த கல்லுக்குத் தான் தேய்ந்தது தெரியாது!

உடல் எடையைக் குறைக்க விரும்புவோர் இந்த உண்மையைத் தங்களுக்கும் பொருத்திப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. "நான் சாப்பிடுவதே கொஞ்சம், ஆனாலும் உடம்பு குறையவில்லை" என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அவர்கள் பொய் சொல்கிறார்களா? இந்தக் கேள்விக்கு விடை காண நியூயார்க்கில் சிலரை அளந்தே பார்த்தார்கள். அந்த ஆய்வு 1992-இல் வெளியாயிற்று.

ஒருவர் அன்றாட வேலைகளைச் செய்துகொண்டிருக்கும்போதே அவர் உடல் செலவிடும் ஆற்றலை அளப்பது எப்படி? இதற்கு ஓர் அழகான முறை உண்டு. சாதாரண ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டிரியமும், சாதாரண ஆக்சிஜனுக்குப் பதில் ஆக்சிஜன்-18-ம் கலந்த நீரை அவருக்குக் குடிக்கக் கொடுப்பார்கள். இரண்டும் சற்றுக் கனமான அணுக்கள், அவ்வளவே, கதிரியக்கம் கிடையாது. டியூட்டிரியம் சிறுநீர், வியர்வை, மூச்சிலுள்ள நீராவி ஆகியவற்றின் வழியே நீராகவே வெளியேறும். ஆக்சிஜன்-18-ஓ நீராகவும் வெளியேறும், நாம் வெளிவிடும் கரியமில வாயுவாகவும் வெளியேறும். ஆகவே அது டியூட்டிரியத்தைவிட விரைவாகக் குறையும். அந்த வேக வேறுபாட்டிலிருந்து கரியமில வாயுவின் அளவும், அதிலிருந்து உடல் எரித்த ஆற்றலும் கிடைத்துவிடும். சிறுநீர் மாதிரிகள் சில இருந்தால் போதும். ஆளைக் கூண்டில் அடைக்க வேண்டியதில்லை!

நாளொன்றுக்கு 1200 கலோரிக்கும் குறைவாக உண்டும் மெலியவில்லை என்று கூறிய 10 பேரை இவ்வாறு 14 நாள் ஆராய்ந்தார்கள். (கலோரி என்று இங்கே சொல்வது உண்மையில் கிலோகலோரி. உணவைப் பற்றி எழுதுவோர் 'கிலோ'வை விழுங்கிவிடுவது வழக்கம்.) அவர்கள் உண்ட உணவில் சராசரியாக 47 விழுக்காடு அவர்களுடைய குறிப்பேட்டில் ஏறவே இல்லை. செய்த உடற்பயிற்சியையோ 51 விழுக்காடு கூட்டி எழுதியிருந்தார்கள். அவர்களுடைய உடல் மந்தமாக எரிக்கிறதோ என்ற ஐயமும் நிற்கவில்லை. எரிக்க வேண்டிய அளவை அது எரித்துக்கொண்டுதான் இருந்தது. ஏமாற்ற வேண்டும் என்று அவர்கள் எழுதியதாக நான் நினைக்கவில்லை. நின்றபடி வாயில் போட்டுக்கொண்ட பிடி முறுக்கும், குழந்தை தட்டில் மிச்சம் வைத்த இட்லியும் நம் நினைவில் தங்குவதில்லை அல்லவா?

சரி, தராசு காட்டிக்கொடுத்துவிடாதா? அங்கும் ஒரு சிக்கல் உண்டு. உடற்கொழுப்பு 1 கிலோ குறைய ஏறத்தாழ 7700 கலோரி துண்டு விழ வேண்டும். நாள்தோறும் 500 கலோரி குறைத்து உண்டால் நாளொன்றுக்குக் குறைவது சுமார் 65 கிராம். இந்தக் கணக்கும் தொடக்க வாரங்களுக்கே பொருந்தும்; உடல் இளைக்க இளைக்க அதன் செலவும் குறைந்துவிடும். ஆனால் அரை லிட்டர் தண்ணீர் குடித்தால் எடை அப்போதே அரைக் கிலோ ஏறும். முதல் நாள் ஊறுகாயும் அப்பளமும் மிகுந்துவிட்டால், அந்த உப்பு உடலில் நீரைத் தேக்கி வைக்கும். இப்படி ஒரே நாளில் எடை 1 கிலோ ஏறி இறங்குவது இயல்பு. ஒரு கிலோ ஆட்டத்துக்கு நடுவே 65 கிராம் எப்படித் தெரியும்? நன்றாகக் கட்டுப்பாடாக இருந்த மறுநாள் முள் ஏறி நிற்கும். விருந்து உண்ட மறுநாள் இறங்கி நிற்கும். தனியாக இருப்பவர் இதைக் கண்டு மனம் சோர்வார், அல்லது தமக்கு வேண்டிய பொருளை அதில் படித்துக்கொள்வார்.

இந்த இடத்தில்தான் இன்னொருவர் வேண்டியிருக்கிறது. இதை நடைமுறையில் கண்டவர் ஒரு குடும்பத் தலைவி. நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதியில் வாழ்ந்த ஜீன் நைடெச் 1961-இல் 97 கிலோ இருந்தார். நகரச் சுகாதார வாரியத்தின் மருத்துவ நிலையத்தில் உணவுத் திட்டம் கொடுத்தார்கள். திட்டம் நல்ல திட்டந்தான். பத்து வாரத்தில் சுமார் 9 கிலோ குறைந்தார். ஆனால் குளியலறை அழுக்குத்துணிக் கூடையில் பிஸ்கட்டை ஒளித்து வைத்து இரவில் தின்பதை மட்டும் அவரால் விட முடியவில்லை, நிலையத்தாரிடம் சொல்லவும் முடியவில்லை. ஆறு தோழியரை வீட்டுக்கு அழைத்து அவர்களிடம் சொன்னார். கேட்டவர்கள் சிரிக்கவில்லை, தத்தம் ஒளிவிடங்களைச் சொல்லத் தொடங்கினார்கள்! வாரந்தோறும் கூடினார்கள், இரண்டு மாதத்தில் கூட்டம் நாற்பதாயிற்று. 1962-இல் அவர் எடை 64 கிலோ. மறு ஆண்டு அந்தக் கூட்டமே 'வெயிட் வாட்சர்ஸ்' என்ற நிறுவனமாயிற்று. அது பின்னர் பெரு வணிகமானது வேறு கதை.

தோழமைக்கு உண்மையிலேயே இவ்வளவு வலிமை உண்டா? அமெரிக்காவில் 166 பேரிடம் நடத்திய ஆய்வு ஒன்று 1999-இல் வெளிவந்தது. தனியாக வந்து வழக்கமான பயிற்சி பெற்றவர்களில் 24 விழுக்காட்டினரே நான்காம் மாதம் குறைத்திருந்த எடையைப் பத்தாம் மாதம் வரை முழுதும் காத்தார்கள். மூன்று நண்பர் அல்லது உறவினருடன் வந்து, ஒருவருக்கொருவர் துணை நிற்கவும் பழகியவர்களில் 66 விழுக்காட்டினர் காத்தார்கள். இதில் ஒரு கேள்வி எழும். மூன்று பேரைக் கூட்டிவரக் கூடியவர் முதலிலேயே முனைப்பு மிக்கவராக இருக்கலாம் அல்லவா? இருக்கலாம். 2011-இல் வெளியான பெரிய ஆய்வில் அந்தக் குறை இல்லை. ஆஸ்திரேலியா, ஜெர்மனி, பிரிட்டன் நாடுகளில் 772 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினார்கள். ஓராண்டில் மருத்துவரின் வழக்கமான கவனிப்பில் இருந்தவர்கள் சராசரி 2.25 கிலோ குறைந்தார்கள். வாரக் கூட்டங்களுக்கு அனுப்பப்பட்டவர்கள் 5 கிலோ குறைந்தார்கள்.

ஆளைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். "என்ன, பீப்பாய்!" என்று கேலி செய்பவர் துணை ஆகமாட்டார். 2013-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், உடல் எடைக்காக இழிவாக நடத்தப்பட்டதாகச் சொன்னவர்கள் அடுத்த நான்காண்டில் உடற்பருமன் அடையும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டரை மடங்காக இருந்தது. "ஒரு லட்டில் என்ன ஆகிவிடும்?" என்று உபசரிக்கும் அத்தையும் இதற்கு ஏற்றவர் அல்லர், அன்பு வேறு, சரிபார்ப்பது வேறு. கேள்வி கேட்கத் தெரிந்த, ஆனால் தீர்ப்புச் சொல்லாத ஒருவர் போதும். அவரும் தம் குறிப்பேட்டை உங்களிடம் காட்டுபவராக இருந்தால் இன்னும் நல்லது. நீரிழிவுக்கு மருந்து உண்பவர்களும் கருவுற்ற பெண்களும் மருத்துவரிடம் கேட்காமல் உணவைக் குறைக்கக் கூடாது.

குறிப்பேட்டில் உணவை உண்டவுடன் எழுதுங்கள். இரவு நினைவுகூர்ந்து எழுதினால் அந்த 47 விழுக்காடு நழுவிவிடும். எடையைக் காலையில், வெறும் வயிற்றில் பாருங்கள். நாள்தோறும் பார்ப்பவர் ஏழு நாள் சராசரியை மட்டும் நண்பரிடம் காட்டினால் போதும்; நீரின் ஆட்டம் பெரும்பாலும் அதில் அடங்கிவிடும். எடைக் கருவியைப் பாய்மீதோ மெத்தைமீதோ வைக்காமல் கெட்டியான தரையில் வையுங்கள். கருவி அரைக் கிலோ கூடக் காட்டினாலும் கவலை வேண்டாம். நமக்கு வேண்டியது இந்த வாரத்துக்கும் சென்ற வாரத்துக்கும் உள்ள வேறுபாடு. ஒரே கருவியில் பார்த்தால் அந்தப் பூஜ்யப் பிழை கழித்தலில் போய்விடும். இன்று வீட்டிலும் அடுத்த வாரம் ரயில் நிலையத்திலும் பார்த்தால் போகாது.