வாழைப்பட்டையின் உள்ளறைகள்

சுருளிப்பட்டியிலும் கம்பம் பள்ளத்தாக்கின் பிற ஊர்களிலும் தார் வெட்டியபின் சாய்த்துப் போடப்படும் வாழையின் பட்டையைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால், விமானத்திற்கும் காற்றாலை இறக்கைக்கும் பொறியாளர்கள் கையாளும் ‘சாண்ட்விச்’ கட்டமைப்பு, அதாவது வலிய இரு மெல்லிய தோல்களுக்கு நடுவே எடை குறைந்த உள்ளகம் பொருந்திய அமைப்பு, கண்ணுக்குத் தெரியும். வெளித்தோலை ஒட்டி நார்க்கற்றைகள் நெருங்கி நிற்க, இரு தோல்களையும் இணைக்கும் சுவர்களுக்கிடையே நீளவாக்கில் காற்றறைகள் ஓடுகின்றன.

தகடு வளையும்போது ஒரு முகம் இழுபட, எதிர்முகம் அமுங்க, நடுப்பகுதி ஏறக்குறைய வேலையின்றியே இருக்கிறது. எனவே தகட்டை இரண்டாகப் பிளந்து, அதன் முழுத் தடிமனுக்கு நிகரான உள்ளகத்தை இடையில் ஒட்டினால், வளைவை எதிர்க்கும் விறைப்பு 7 மடங்காகும்; உள்ளகம் மும்மடங்கு தடித்தால் 37 மடங்காகும்; எடையோ சற்றே கூடும். ஆயினும் இரு தோல்களும் ஒன்றின்மேல் ஒன்று நழுவாதபடி உள்ளகம் பிடித்துக்கொண்டால்தான் இக்கணக்கு பலிக்கும். இந்த நழுவு விசையைத் தாங்குவதே உள்ளகத்தின் தலையாய பணி. 1940-இல் முதன்முதலாகப் பறந்த ‘மஸ்கிட்டோ’ என்னும் பிரிட்டிஷ் போர்விமானத்தின் உடற்கூட்டில், ஒட்டுப்பலகைகளுக்கிடையே பால்சா மரம் இப்பணியைச் செய்தது.

வாழையில் வியப்புக்குரியவை காற்றறைகளை ஆங்காங்கே மறிக்கும் குறுக்குத் திரைகளே. அமுக்கம் மிகும்போது நீளச்சுவர்கள் மடிந்து நசுங்கிவிடாமல் இவை துணைநிற்கின்றன. இலைக்காம்போ வாய்க்கால்போல் குழிந்திருப்பதால், பாரத்தில் எளிதில் வளையாவிட்டாலும் எளிதில் முறுக்கிக்கொள்கிறது. காற்று வீசும் திசைக்கு இலை திரும்பி அதன் தாக்குதலைக் குறைப்பது இதனால்தான். அறைச்சுவர்களின் உயிரணுக்களில் நீர் நிறைந்திருப்பதும் விறைப்பிற்குக் காரணமாகையால், நீர் குன்றினால் மரம் தளர்கிறது. தாரின் பாரத்தோடு காற்றும் சேரும்போது அமுங்கும் பக்கம் மடிந்து மரம் சாயக்கூடுமென்பதால் விவசாயிகள் கம்பு நட்டு முட்டுக் கொடுக்கின்றனர்.

இத்தனை நுட்பம் வாய்ந்த பட்டையில் பூக்கட்டுவதற்கு நார் உரித்ததுபோக மிஞ்சுவது பெரும்பாலும் தோட்டத்திலேயே அழுகுகிறது. ஈரத்தை உறிஞ்சும் வாழைநார், நன்கு உலர்த்திப் பதப்படுத்தாவிடில் பிசினோடு உறுதியாக ஒட்டாது. ஆகவே காற்றாலை இறக்கையில் கண்ணாடி இழைக்கு அது மாற்றாகும் என்பது மிகைக்கூற்று. தடுப்புப் பலகை, பொதிபெட்டி போன்ற மிகுந்த பாரம் ஏறாத பொருள்களுக்கு அதைச் சோதித்துப் பார்ப்பதில் தயக்கம் வேண்டியதில்லை. வாழை விளையும் மாவட்டங்களின் பொறியியல் கல்லூரிகள், பச்சைப் பட்டைக்கும் உலர்ந்த பட்டைக்கும் வளைவு வலிமையையும் நழுவு வலிமையையும் தனித்தனியே அளந்து, விவசாயிகளுக்கும் எட்டும்படி தமிழில் வெளியிட வேண்டும்.