நரம்பு வலி: நண்பருக்கு ஏற்ற மருந்து நமக்கும் ஏற்குமா?

"டாக்டர், ராத்திரி படுத்தால் பாதம் எரிகிறது. ரஜாய் பட்டாலே சுரீரென்கிறது. என்ன மாத்திரை சாப்பிடலாம்?" தில்லியில் நம் மூத்த அன்பர்கள் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி இது. ஆனால் எல்லோருக்கும் நான் ஒரே பதிலைச் சொல்ல முடிவதில்லை.

நெடுநாள் சர்க்கரை நோய் பாதத்து நரம்புகளைக் கெடுப்பதால் இவ்வலி வருவதுண்டு. சாதாரண வலி மாத்திரைகளுக்கு இது எளிதில் அடங்காது. ஆகவே மனச்சோர்வுக்கும் காக்காய் வலிப்புக்கும் வந்த சில மருந்துகளையே இதற்கும் தருகிறோம். சீட்டைப் பார்த்து, "எனக்கு மனநோயா?" என்று யாரும் பயப்பட வேண்டியதில்லை.

எதைத் தருவது என்பது ஆளைப் பொறுத்தது. வலியால் தூக்கம் கெட்டவருக்கு அமிட்ரிப்டிலின் 10 மி.கி. இரவில் கொடுத்துத் தொடங்கலாம். ஆனால் புராஸ்டேட் வீங்கிச் சிறுநீர் தடைப்படுபவருக்கும், இதயத் துடிப்பில் கோளாறு உள்ளவருக்கும் அதைத் தவிர்ப்போம். மனச்சோர்வும் சேர்ந்திருந்தால் டுலோக்செடின் நல்லது. கல்லீரல் நோயாளிக்கு அது ஆகாது. காபாபென்டின், பிரிகாபலின் இரண்டும் சிறுநீரகத்தின் வழியே வெளியேறுபவை. சிறுநீரகம் பழுதானவருக்கு அளவைக் குறைத்தே தரவேண்டும்.

என்னிடம் வந்த 70 வயதுப் பெரியவர் ஒருவர், நண்பர் சாப்பிட்டுக் குணமடைந்த பிரிகாபலினை அதே அளவில் தானும் வாங்கிச் சாப்பிட்டார். அவருக்கு ஏற்கெனவே கிரியாட்டினின் கூடியிருந்தது. மருந்து உடம்பிலேயே தங்கிவிட்டது. மூன்றாம் நாள் தலைசுற்றிக் குளியலறையில் விழுந்து, இடுப்பெலும்பு முறிந்தது. பாத எரிச்சலுக்கு மருந்து தேடியவர் மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தார்.

இன்னொன்று. மெட்ஃபார்மினைப் பல ஆண்டுகள் சாப்பிடுபவர்களுக்கு வைட்டமின் பி12 குறையக்கூடும். சைவ உணவுக்காரர்களுக்கு அந்த வாய்ப்பு இன்னும் அதிகம். அந்தக் குறைவாலும் கால் மரத்துப்போகும், எரியும். ரத்தப் பரிசோதனையில் அது தெரிந்தால், முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும்.

ஆகவே மருத்துவரிடம் போகும்போது சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும், நாட்டு மருந்து உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். பழைய ரிப்போர்ட்டுகளையும் காட்டுங்கள். வலி எப்போது கூடுகிறது, தூக்கம் எப்படி, சிறுநீர் தடையின்றிப் போகிறதா என்பதை வெட்கப்படாமல் சொல்லுங்கள். குறைந்த அளவில் தொடங்கி மெல்லக் கூட்டுவதால் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். "கேட்கவில்லை" என்று நாலாம் நாளே நிறுத்திவிடாதீர்கள். நிறுத்துவதானாலும் மருத்துவரைக் கேட்டுப் படிப்படியாகத்தான் நிறுத்த வேண்டும்.