மூன்று போர்ட் லூயிகள்

போர்ட் லூயி என்றதும் மொரீஷியஸின் தலைநகர் நினைவுக்கு வரும். தேநீரைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், சொல்கிறேன். பிரான்சிலேயே அந்தப் பெயரில் ஓர் ஊர் உண்டு. தென் அட்லாண்டிக்கில், பாக்லாந்து தீவிலும் ஒன்று உண்டு. மன்னரின் மனம் குளிர வைத்த பெயர்தானே என்பீர்கள். உண்மைதான். பிரான்சிலுள்ள ஊர் 1618-இல் பதின்மூன்றாம் லூயியின் பெயரைப் பெற்றது. மற்ற இரண்டும் பதினைந்தாம் லூயி காலத்தவை. ஆனால் மன்னர்களை விட்டுவிட்டுக் கப்பல்களின் பின்னால் போய்ப் பாருங்கள்.

பிரான்சின் போர்ட் லூயி மேற்குக் கரையிலுள்ள கோட்டை ஊர். 1666-இல் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி எதிர்க்கரையில் கப்பல் கட்டத் தொடங்க, அங்கே லோரியான் துறைமுகம் வளர்ந்தது. புதுச்சேரிக்குப் புறப்பட்ட கம்பெனிக் கப்பல்கள் இந்தக் கோட்டையைத் தாண்டித்தான் கடலுக்குள் போயின. வழியில் அவை தங்கித் தண்ணீர் பிடித்த இடம் மொரீஷியஸின் போர்ட் லூயி.

அந்தத் துறைமுகத்தை எழுப்பியவர் மாகே தெ லா பூர்தொனே. 1735-இல் ஆளுநராக வந்த அவர், கட்டட வேலைக்குப் புதுச்சேரியிலிருந்து கைவினைஞர்களை வரவழைத்தார். மடகாஸ்கரிலிருந்தும் ஆப்பிரிக்கக் கரையிலிருந்தும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் அங்கே பாடுபட்டார்கள். இவர்களைச் சொல்லாமல் ஆளுநரை மட்டும் புகழ எனக்கு மனம் ஒப்பவில்லை.

1746-இல் அங்கிருந்து கப்பற்படையோடு வந்து சென்னையைப் பிடித்தவரும் அவர்தான். 1748-இல் பிரான்சும் இங்கிலாந்தும் செய்துகொண்ட உடன்படிக்கையில் சென்னை ஆங்கிலேயரிடம் திரும்பிப்போனது. பதிலுக்குப் பிரான்ஸ் திரும்பப் பெற்றது கனடாக் கரையிலிருந்த ஒரு கோட்டையை. அதன் பெயர் லூயிபூர்! நம் சென்னைக்கு ஈடாக வைக்கப்பட்டது அட்லாண்டிக்கின் அக்கரையிலிருந்த அந்தக் கோட்டை என்பதை எண்ணும்போது இன்றும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

அந்தக் கோட்டைக்கு அருகில்தான் அகாடியா. 1755-இலிருந்து ஆங்கிலேயர் அங்கிருந்த பிரெஞ்சுக் குடியானவர்களை நிலத்தைவிட்டு விரட்டினார்கள். அகதிகளாகப் பிரான்ஸ் வந்தவர்களில் சில குடும்பங்களை அழைத்துப்போய், 1764-இல் பாக்லாந்தில் மூன்றாவது போர்ட் லூயியை நிறுவினார் பிரெஞ்சுக் கடலோடி பூகான்வில். அவருடைய கப்பல்கள் கிளம்பிய சேன் மாலோ, லா பூர்தொனே பிறந்த ஊர். பாக்லாந்தை ஸ்பானியர் மால்வினாஸ் என்று அழைப்பதும் அந்த ஊரை வைத்துத்தான்.

குடியேற்றம் நிலைக்கவில்லை. 1767-இல் அதை ஸ்பெயினிடம் ஒப்படைத்துவிட்டு உலகைச் சுற்றக் கிளம்பிய பூகான்வில், 1768 இறுதியில் வந்து நங்கூரமிட்டது மொரீஷியஸின் போர்ட் லூயியில். அந்தப் பயணத்தில் தாவரவியலாளர் கொமர்சோனும், ஆண் வேடத்தில் அவருக்கு உதவியாளராக வந்த ழான் பாரேயும் இருந்தார்கள். நம் வீட்டு மதில்களில் பூக்கும் காகிதப்பூக் கொடியைப் பிரேசிலில் சேகரித்து, பூகான்வில்லின் பெயரைக் கொடுத்தது இந்தப் பயணம்தான். கொமர்சோனும் பாரேயும் மொரீஷியஸிலேயே இறங்கிக்கொண்டார்கள். கொமர்சோன் 1773-இல் அந்தத் தீவிலேயே இறந்தார். பாரே சில ஆண்டுகள் கழித்துப் பிரான்ஸ் திரும்பினார். உலகைச் சுற்றிவந்ததாக அறியப்படும் முதல் பெண் அவர்தான்.