செல்லுக்குள் ஏறும் சுமையும் உடம்பில் மூளும் அழற்சியும்



குழுக் கூட்டங்களுக்கு நாங்கள் வரும்போது, “சர்க்கரை இருக்கான்னு டெஸ்ட் பண்ணிப் பாத்தீங்களா?” என்று கேட்பது வழக்கம். “எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்!” என்பதுதான் பெரும்பாலும் வரும் பதில். ஆனால் இந்தியாவில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக, 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு சொல்கிறது. வெளியே ஒன்றும் தெரியாமலே உள்ளே வருடக்கணக்கில் கோளாறு நடக்க முடியும். எப்படி என்று பார்ப்போம்.

அழற்சி என்றால் என்ன?

காலில் முள் குத்தினால் அந்த இடம் சிவக்கிறது, சூடாகிறது, வீங்குகிறது, வலிக்கிறது. இதுதான் அழற்சி. இது கெட்டது இல்லை. கிருமியை விரட்டி, புண்ணை ஆற்ற உடம்பு செய்யும் வேலை. வேலை முடிந்ததும் அடங்கிவிட வேண்டும். அடங்காமல், முள்ளே இல்லாத இடத்தில் லேசாகப் புகைந்துகொண்டே இருந்தால்தான் ஆபத்து. அந்த அழற்சியில் வலியும் இருக்காது, வீக்கமும் தெரியாது.

செல்லுக்குள் என்ன நடக்கிறது?

நம் உடம்பு கோடிக்கணக்கான செல்களால் ஆனது. செல்லுக்குள் எண்டோபிளாச வலை என்று ஒரு பகுதி இருக்கிறது. பல புரதங்களைச் சரியான வடிவத்தில் மடித்து அனுப்புவது அதன் வேலை. இதை நம் குழுக்கள் நடத்தும் தையல் யூனிட் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்.

பத்துப் பேர் தைக்கிற இடத்தில் முப்பது பேருக்கான ஆர்டர் வந்து விழுந்தால் என்ன ஆகும்? தையல் கோணல்மாணலாகப் போகும். தப்பாகத் தைத்த துணி குவியும். அப்போது பொறுப்பாளர் மூன்று வேலை செய்வார். புது ஆர்டரைக் கொஞ்ச நாள் நிறுத்துவார். கூடுதல் ஆள் போடுவார். கெட்டுப்போனதை ஒதுக்கி அப்புறப்படுத்துவார். செல்லும் இதே மூன்றையும் செய்கிறது. செல்லுக்குள் இந்த ஏற்பாடு எப்படி நடக்கிறது என்று கண்டுபிடித்ததற்காக அமெரிக்காவில் பணியாற்றிய பீட்டர் வால்டர், ஜப்பானின் கசுதோஷி மோரி ஆகிய இருவருக்கும் 2014-ல் லாஸ்கர் விருது கிடைத்தது.

அப்படியும் சுமை குறையவில்லை என்றால், செல் அபாய மணி அடிக்கிறது. அந்தச் சத்தத்துக்கு நோய் எதிர்ப்புச் செல்கள் வந்து கூடுகின்றன. அழற்சி மூளுகிறது. கடைசிவரை சரியாகாவிட்டால் அந்தச் செல்லே செத்துப்போகும்.

(இந்தச் சுமை வேறு, நாம் சொல்லும் மனக்கவலை வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

சர்க்கரை நோய்க்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

செலவழிப்பதைவிட அதிகமாகச் சாப்பிட்டுக்கொண்டே இருந்தால், கொழுப்புச் செல்லுக்கும் கல்லீரலுக்கும் சுமை ஏறுகிறது. பருமனான எலிகளின் உடம்பில் இது நடப்பதை அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் கோகன் ஹோட்டாமிஸ்லிகில் குழுவினர் 2004-ல் காட்டினார்கள். சுமை ஏறிய செல்லுக்கு இன்சுலின் சொல்வது காதில் விழுவதில்லை. அதனால் சர்க்கரை ரத்தத்திலேயே தங்குகிறது.

உடனே கணையம் இன்னும் அதிகமாக இன்சுலின் செய்யப் பார்க்கிறது. இன்சுலினும் மடித்து அனுப்ப வேண்டிய புரதம்தான். ஆகவே கணையச் செல்லுக்கும் சுமை. நாளடைவில் அதுவும் ஓய்ந்துபோகிறது. பரம்பரை உட்பட வேறு காரணங்களும் உண்டு. ஆனால் சுமையைக் குறைப்பது ஓரளவு நம் கையில் இருக்கிறது.

“நான் ஒல்லிதானே?” என்று இருந்துவிட வேண்டாம். நம் நாட்டில் ஒல்லியானவர்களுக்கும் வயிற்றில் கொழுப்பு சேர்கிறது. இஞ்சி டேப்பால் இடுப்பைச் சுற்றி அளந்து பாருங்கள். பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கு (சுமார் 31½ அங்குலம்) மேல் போனால் கவனம் தேவை.

நாம் செய்ய வேண்டியவை

* தட்டில் சோற்றைக் குறைத்து, கீரை, காய், பயறு வகைகளைக் கூட்டுங்கள். எல்லோருக்கும் போட்டுவிட்டு மிச்சச் சோற்றோடு ரசம் மட்டும் ஊற்றிச் சாப்பிடும் பழக்கத்தை விடுங்கள். குழம்பில் உள்ள காயும் பருப்பும் உங்களுக்கும் வேண்டும்.
* டீயில் சர்க்கரையைக் குறையுங்கள். நாட்டுச்சர்க்கரை, வெல்லம் போட்டாலும் ரத்தத்தில் சர்க்கரை ஏறத்தான் செய்யும்.
* தினம் அரை மணி நேரம் வேகமாக நடங்கள். உழைக்கும் தசை ரத்தச் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும்.
* 30 வயது தாண்டியவர்கள் வருடம் ஒரு முறை ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதியுங்கள். வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல் இருந்தால் மறுபடி பார்த்து உறுதி செய்ய வேண்டும்.
* டாக்டர் கொடுத்த மாத்திரையை, உடம்பு தேவலை என்று நீங்களாகவே நிறுத்தாதீர்கள்.
* “அழற்சியை அடியோடு போக்கும்” என்று விற்கும் பொடி, லேகியத்துக்குக் குழுக் கடன் வாங்காதீர்கள்.

முற்றிய பிறகு காலில் ஆறாத புண், கண் பார்வைக் குறைவு, சிறுநீரகக் கோளாறு என்று வந்தால், குடும்பம் சேர்த்த சேமிப்பு வைத்தியத்துக்கே கரைந்துவிடும். 2021 ஆகஸ்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தொடங்கியபோது, வீடு வீடாகப் போய்ப் பரிசோதிக்கும் தன்னார்வலர்களாக வந்ததும் நம்மைப் போன்ற சுய உதவிக் குழுப் பெண்கள்தான். அடுத்த கூட்டத்தில் சேமிப்பு, கடன் வரவு எழுதி முடித்த கையோடு, யார் யார் பரிசோதனை செய்தாச்சு, யார் இன்னும் செய்யல என்று ஊக்குநர்கள் தீர்மான நோட்டில் ஒரு பட்டியல் எழுதுங்கள். செய்யாதவர்களைத் தனியாக அனுப்பாமல், ஒரே நாளில் குழுவாகச் சேர்ந்து போய் வாருங்கள்.