பாத்ரூம் ஃபேனுக்கு டைமர் போடப் போறீங்களா? முதலில் கேட்க வேண்டிய கேள்வி: 'போர்டில் நியூட்ரல் இருக்கா?'

காலை அவசரத்தில் குளித்து முடித்து, லைட்டை அணைத்துவிட்டு ஆபீஸுக்கு ஓடுகிறோம். பல வீடுகளில் லைட்டுக்கும் எக்ஸாஸ்ட் ஃபேனுக்கும் ஒரே ஸ்விட்ச்தான். லைட் அணையும்போது ஃபேனும் நின்றுவிடும், நீராவி உள்ளேயே தங்கிவிடும். நாளடைவில் சீலிங்கில் கறுப்புப் பூஞ்சை படரும், மரக்கதவு உப்பிப்போய் சாத்த வராது.

ஃபேனுக்குத் தனி ஸ்விட்ச் இருந்தாலும் சிக்கல்தான். போட்டுவிட்டுப் போனால் மாலை வரை ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டுக்கும் தீர்வு, டைமர்.

எந்த டைமர்?

இரண்டு வகை உண்டு. முதலாவது, கவுன்ட்டவுன் ஸ்விட்ச். 15 நிமிடம், 30 நிமிடம் என்று அழுத்திவிட்டுப் போனால், நேரம் முடிந்ததும் ஃபேன் தானாக நிற்கும்.

இரண்டாவது, 'ஆஃப் டிலே' டைமர். லைட்டைப் போட்டால் ஃபேனும் ஓடும். லைட்டை அணைத்த பிறகும் நாம் வைத்த நேரம் வரை ஃபேன் மட்டும் ஓடும். மறதி அதிகம் உள்ளவர்களுக்கு இதுவே வசதி. குளித்த பிறகு 15 முதல் 20 நிமிடம் ஓடினால் பொதுவாகப் போதும்.

கரண்ட் பில் குறையுமா?

பெரிதாக இல்லை. 35 வாட் ஃபேன் வீணாக 10 மணி நேரம் ஓடினால் செலவாவது 0.35 யூனிட். 2,000 வாட் கீசர் இதைச் சுமார் 10 நிமிடத்தில் இழுத்துவிடும். டைமரால் கிடைக்கும் உண்மையான லாபம், ஈரம் தங்காத சுவரும் ஃபேன் மோட்டாரின் ஆயுளும்தான்.

சிக்கல் எங்கே?

சாதாரண ஸ்விட்ச்சுக்கு இரண்டு வயர் போதும். பேஸ் உள்ளே வரும், ஸ்விட்ச் வழியாக ஃபேனுக்குப் போகும். நியூட்ரல் வயர் பல வீடுகளில் ஸ்விட்ச் பக்கமே வராமல் நேராக ஃபேனுக்குப் போய்விடும்.

டைமர் அப்படியல்ல. லைட் அணைந்த பிறகும் அதற்குள் இருக்கும் சர்க்யூட் விழித்திருந்து நேரத்தை எண்ண வேண்டும். அதனால் ஆஃப் டிலே டைமருக்கு நான்கு இணைப்புகள் தேவை: எப்போதும் கரண்ட் உள்ள பேஸ், லைட் ஸ்விட்ச்சிலிருந்து வரும் பேஸ், நியூட்ரல், ஃபேனுக்குப் போகும் வயர்.

போர்டில் பிளக் பாயின்ட் இருந்தால் அதற்காக நியூட்ரல் வந்திருக்கும். வெறும் ஸ்விட்ச்சுகள் மட்டும் என்றால் இல்லாமல் போகலாம்.

"எர்த்துல குடுத்துக்கலாம் சார், ஓடும்"

நியூட்ரல் இல்லாத போர்டில் சிலர் சொல்லும் குறுக்கு வழி இது. ஓடும் என்பது உண்மை. ஆபத்து என்பதும் உண்மை. வீட்டின் எர்த் வயர் எங்காவது அறுந்திருந்தால், டைமர் வழியாக வரும் கரண்டுக்குப் போக இடமிருக்காது. அதே எர்த்தில் இணைந்த கீசரின் உலோக உடம்புக்கும் அது ஏறலாம். ஈர உடம்போடு அதைத் தொடுகிறவருக்கு உயிர் ஆபத்து.

பக்கத்து அறை சர்க்யூட்டிலிருந்து நியூட்ரலைக் கடன் வாங்குவதும் தவறு. ஒரு எம்சிபியை அணைத்த பிறகும் அந்த வயரில் கரண்ட் இருக்கக்கூடும். ஆர்சிசிபி அடிக்கடி டிரிப் ஆகவும் வாய்ப்புண்டு.

சரியான வழி என்ன?

அதே சர்க்யூட்டின் நியூட்ரலைப் பைப் வழியாகப் போர்டு வரை இழுப்பதுதான் நல்லது. நியூட்ரல் தேவையில்லாத இரண்டு வயர் டைமர்களும் கிடைக்கின்றன. ஆனால் சிலவற்றில் எல்இடி பல்பு அணைந்த பிறகும் மங்கலாக எரியும், மினுக்கும். எதை வாங்கினாலும் மோட்டார் லோடுக்கு ஏற்றதா என்று அட்டையில் பாருங்கள். கீசரை இந்த டைமரில் இணைக்கவே கூடாது. அது சுமார் 9 ஆம்பியர் இழுக்கும்.

வேலைக்கு முன்...

● இதைச் செய்ய வேண்டியவர் உரிமம் பெற்ற வயர்மேன். வாடகை வீடு என்றால் ஓனரிடம் சொல்லிவிடுங்கள்.

● மெயினை அணைத்த பிறகும் டெஸ்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சிவப்பு பேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த் என்பது வழக்கம். பழைய வீடுகளில் நிறத்தை நம்ப முடியாது.

● மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா? அதன் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் உடனே டிரிப் ஆக வேண்டும். இல்லையென்றால் முதல் செலவு அதற்குத்தான், டைமருக்கு அல்ல.

● டைமர் பாத்ரூமுக்கு வெளியே உள்ள போர்டிலேயே இருக்கட்டும்.

● கதவுக்கு அடியில் சிறு இடைவெளி வேண்டும். வெளிக்காற்று உள்ளே வராவிட்டால், ஃபேன் எவ்வளவு நேரம் ஓடினாலும் ஈரம் போகாது.

வேலை முடிந்ததும் லைட்டை அணைத்து, ஃபேன் சொன்ன நேரத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். போர்டை மூடுவதற்கு முன்பே ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்: "நியூட்ரல் எங்கிருந்து எடுத்தீங்க அண்ணா?"